முட்டுக் கொடுத்த பைப்பு

அக்காவைப் பற்றி யாரிடமாவது சொல்ல வாயெடுத்தால் முதல் வாக்கியத்திலேயே எனக்குத் தடுமாற்றம் வந்துவிடும். ஆடினாள் என்று சொல்லலாமா? பாட்டு கிடையாது, சலங்கை கிடையாது, பார்க்க ஆளும் கிடையாது. தேகப்பயிற்சி என்றால், அதற்கு எதற்கு அப்படியொரு முகம்? கிறுக்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், முடித்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். எனக்கு அதிலும் சம்மதமில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் குழப்பம்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தெளிவு வேண்டுகிறவர்கள் பஞ்சாங்கம் பார்க்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் நான் சுரக்குடியிலிருந்து காரைக்காலை ஒட்டிய தலத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பக்கத்து வீட்டில் அக்கா. நாற்பதை நெருங்கிய வயது, பூசினாற்போல் உடம்பு. கோட்டுச்சேரிமேட்டில் பால்வாடி டீச்சர். காலையில் பஸ் ஏறிப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கெல்லாம் திரும்பிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் பொதுப்பணித்துறை ஆபீசில் குமாஸ்தா. நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். ஒரே பையன் பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் படித்தான்.

பால்வாடிப் பிள்ளைகள் பொழுதுக்கும் ஏன், ஏன் என்று பிடுங்கும் போலிருக்கிறது. அக்காவுக்கு அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதற்கும் அவளிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். காக்கா ஏன் கறுப்பு என்றால், வெயிலில் நின்று வடை தின்றது. கடல் ஏன் உப்பு என்றால், உங்கள் தாத்தா கருவாடு அலசினார். பிள்ளைகளிடம் சொல்வது சரி. பெரியவர்களிடமும் அதே கதைதான். பஸ்ஸைத் தவறவிட்டால் ஒரு காரணம், குழம்பில் உப்புக் கூடினால் ஒரு காரணம், கேட்கிற ஆளுக்குத் தகுந்த அளவில். பொய் என்றும் சொல்ல முடியாது. கேட்டவர் திருப்தியாகத்தான் போவார்.

அவள் வீட்டுக் கூடத்து உத்திரத்தைக் கரையான் அரித்து அது நடுவில் தொய்ந்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். குடும்பத்தோடு பிரான்சில் இருந்தார். போன தடவை வந்தபோது, கைப்பம்பு இறக்கியது போக மிஞ்சிய ஒரு இரும்புப் பைப்பைக் கூடத்தின் நடுவில் முட்டாக நிறுத்தி, கீழே கருங்கல்லும் மேலே கட்டையும் கொடுத்துவிட்டு, அடுத்த தடவை புது உத்திரம் போட்டுத் தருகிறேன் என்று கப்பல் ஏறிவிட்டார். உத்திரம் மாறினால் பைப்பு போய்விடும். அதுவரை அது எல்லோருக்கும் இடைஞ்சல். சார் பேப்பர் படித்துக்கொண்டே நடந்து அதில் முட்டிக்கொள்வார்.

அந்த வருஷம் காரைக்காலுக்கு சர்க்கஸ் வந்தது. அக்காவும் நானும் எங்கள் வீட்டுக்காரர்களோடு போனோம். எனக்கு சிங்கம்தான் நினைவில் நின்றது. நடுவில் ஒரு பெண் நட்டுவைத்த கம்பத்தில் ஏறி, மேலே போய்க் காலால் மட்டும் பிடித்துக்கொண்டு, கொடி பறக்கிற மாதிரி குறுக்கே நீட்டிப் படுத்தாள். அக்கா கையில் இருந்த கடலைப் பொட்டலம் அப்படியே இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது எல்லோரும் சிங்கத்தைப் பற்றிப் பேச, அவள் மட்டும் என் பக்கம் சாய்ந்து, அந்தப் பெண் முழங்காலை எங்கே வைத்திருந்தாள், முன்னாலா பின்னாலா என்று கேட்டாள். நான் கவனிக்கவில்லை.

கொஞ்ச நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் கறிவேப்பிலை கேட்டு உள்ளே போனவள் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். என் முகத்துக்கு நேராக அக்காவின் இரண்டு பாதங்கள். பைப்பை அணைத்துக்கொண்டு மேலே தொத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சறுக்கி இறங்கி, புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு, ஒட்டடை அடித்தேன் என்றாள். கையில் விளக்குமாறு இல்லை. நான் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“ஏ புள்ள, வேல ஆயிடுச்சுன்னா வா. வரயில வாசக்கதவத் தாப்பா போட்டுட்டு வா.”

அன்றிலிருந்து நான்தான் கீழே நிற்கிற ஆள். பைப்பைச் சுற்றி இலவம்பஞ்சு மெத்தையை விரிப்பது, அவள் மேலே போகும்போது அண்ணாந்து பார்ப்பது, விழுந்தால் தாங்குவது. தாங்கினேன் என்று சொல்வதற்கில்லை. முதல் தடவை இரண்டு பேரும்தான் மெத்தையில் கிடந்தோம்.

புடவை கட்டிக்கொண்டு ஏற முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். காடாத்துணியில் முழங்கால் வரைக்கும் ஒரு டவுசர் தைத்தாள். தொடை பிடிக்கவில்லை என்று அதை மடித்துத் தைத்தாள். அதுவும் போதவில்லை என்று வெட்டினாள். வாரா வாரம் அந்த டவுசர் குட்டையாகிக்கொண்டே வந்தது. மேலே சாருடைய பழைய பனியன். எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியாமல் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்ப்பேன். மேலே பார்க்காமல் எப்படிப் பிடிப்பாய் என்று அதட்டுவாள்.

கடல் காற்றுக்கு எங்கள் ஊரில் இரும்பு நிற்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அக்கா அந்தப் பைப்பைக் குத்துவிளக்கு மாதிரி வைத்திருந்தாள். உப்புத்தாள் எதற்கு என்று சார் கேட்டதற்குப் பால்வாடி மரப்பொம்மை தேய்க்க என்று சொன்னாளாம். அவரே கடையில் வாங்கி வந்து கொடுத்தார். உள்ளங்கை வியர்ப்பதற்குப் பால்வாடியில் தேய்ந்துபோன சாக்பீஸ் துண்டுகளை அம்மியில் பொடித்து ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். ஏறி இறங்கிய பிறகு பைப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கைத்தடம் இருக்கும். சார் வரும் முன் ஈரத்துணியால் துடைத்துவிடுவோம்.

சார் ஆபீஸ் விட்டு வந்தால் சந்தில் சைக்கிளை நிறுத்தவே வெகு நேரம் ஆகும். ஸ்டாண்டைத் தட்டுவார், மணியை அடித்துப் பார்ப்பார், செருமுவார், மறுபடி செருமுவார். அதற்குள் மெத்தை சுருண்டு, அக்கா புடவைக்கு மாறி, அடுப்பில் காப்பித்தண்ணி கொதிக்கும். அவருக்கு நெஞ்சில் சளி இருக்கிறதென்று நான் கற்பூரவள்ளி இலை பறித்துக் கொடுத்ததுண்டு.

எண்ணெய்தான் பெரிய வில்லங்கமாக வந்தது. உடம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பைப்பில் ஒரு முழம்கூட ஏற முடியாது. அக்கா எண்ணெய்க் குளியலை விட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்துக் கையைக் காலில் தடவிக்கொள்கிற பழக்கத்தை விட்டாள். தலையே பரட்டையாகிவிட்டது. திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, சனிக்கிழமை எண்ணெய் வைக்காத சுமங்கலியை யார் சும்மா விடுவார்கள்? கேட்டார்கள். ஒருத்தியிடம் நீர்க்கோவை, டாக்டர் வேண்டாம் என்றார் என்றாள். இன்னொருத்தியிடம் பையன் பரீட்சைக்கு வேண்டுதல். மூன்றாவது ஆளிடம், சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது. மூவரும் தெருக்குழாயில் ஒன்றாகத் தண்ணீர் பிடித்த அன்றைக்கு ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்தது. டாக்டர் சொன்ன வேண்டுதல் அது என்று கடைசியில் அவர்களே முடிவுசெய்தார்கள்.

நான் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் ஒன்று கிடைக்கும் என்று தெரியும். அது வேண்டாம் போலிருந்தது. ஆனால் நாளெல்லாம் அதே யோசனைதான். சமைக்கும்போது யோசிப்பேன், துவைக்கும்போது யோசிப்பேன். இந்த அம்மாளுக்கு என்ன குறை? யாருக்குக் காட்டப் போகிறாள்? முழங்கால் மடிப்பிலும் பாதத்தின் மேலும் கன்றிக் கறுத்திருக்கும் இடங்களை விளக்கெண்ணெய்கூடப் போடாமல் தடவிப் பார்த்து, புது வளையல் பார்க்கிற மாதிரி சிரிப்பாளே, அது என்ன? பால்வாடிப் பிள்ளைகளிடம் நண்டு கடித்தது என்று சொல்லிவைத்திருந்தாள். மீனவர் பிள்ளைகள், எந்த நண்டு என்று விவரம் கேட்டிருக்கின்றன.

ஒரே ஒரு ஆசை மட்டும் வாய்விட்டுச் சொன்னாள். தலைகீழாகத் தொங்கி, இரண்டு கையையும் விட வேண்டும். முழங்கால் மடிப்பில் பைப்பைக் கவ்விக்கொண்டு தலைகீழாகும் வரை வந்துவிட்டாள். கையை எடுக்க மட்டும் முடியவில்லை. ஒரு கையை எடுப்பாள், மறு கை இன்னும் இறுகும். முகம் சிவந்து, பரட்டைத்தலை தொங்க, எனக்கு நேராக அவள் கண்கள். மாங்கனித் திருவிழா யாருக்காகவோ, எங்கள் காரைக்கால் அம்மை, தலையால் நடந்து கயிலை மலை ஏறியவள் அல்லவா? எனக்கு அவள் நினைவு வந்து கைகூட குவிந்துவிட்டது. சாமி மாதிரி இருக்கீங்கக்கா என்றேன்.

“அவங்க சாமியப் பாக்கப் போனாங்க, புள்ள. நான் எங்கயும் போகல,” என்றாள் தலைகீழாகவே.

எனக்கு அதுவும் புரியவில்லை. மேலேயிருந்து காரைப் பொடி உதிர்ந்தது. அக்கா ஆடினால் உத்திரமும் கொஞ்சம் ஆடும். வீட்டைத் தாங்குகிற பைப்பில் ஏறி ஆடுகிறோமே, வீடு விழுந்தால் என்ன ஆவது என்பது என் பயம். அவளுக்கு வேறு பயம். சொல்தா சொல்லிவைத்திருந்த ஆசாரி புது உத்திரத்துக்கு அளவெடுக்க வந்துவிடுவார் என்பது. சார் வேறு மாதா மாதம் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஆசாரியை வரச்சொல்லிக்கொண்டிருந்தார். ஆசாரி வந்த ஒவ்வொரு தடவையும் அக்கா வாசலிலேயே ஒரு காரணத்தோடு நின்றாள். ஆடி மாதம், வீட்டில் கைவைக்கக் கூடாது. உத்திரத்தில் குருவி கூடு கட்டியிருக்கிறது, கலைத்தால் பாவம். மார்கழி. மறுபடியும் குருவி. ஊரில் குடியிருக்கிறவர்கள் வீட்டைப் பழுதுபார்த்துத் தரச்சொல்லி நச்சரிப்பதைத்தான் ஆசாரி பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று மல்லுக்கு நிற்கிற அம்மாளை அப்போதுதான் பார்த்தார்.

இதற்கிடையில் அவளிடம் ஒரு மாற்றம். முன்பெல்லாம் தெருவில் சுவரோரமாக, எதிரில் வருகிறவருக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி நடப்பாள். இப்போது நடுத்தெருவில் நடந்தாள். சைக்கிள்கள் ஒதுங்கின. பால்வாடிக்கு மேற்பார்வைக்கு வந்த அதிகாரி, பிள்ளைகள் ஏன் வெளியில் மணலில் கிடக்கின்றன என்று சத்தம் போட்டாராம். பழைய அக்காவாக இருந்தால் உள்ளே பூரான் வந்தது என்று சொல்லியிருப்பாள். மணலில் இருக்கட்டும் என்று தோன்றியது, விட்டேன் என்றாளாம். இதை எனக்குச் சொன்ன பால்வாடி ஆயா, டீச்சருக்கு என்னமோ ஆகிவிட்டது, காரணமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று கவலைப்பட்டாள். எனக்கும் கவலைதான். காரணம் சொல்லாத அக்காவை எப்படிப் புரிந்துகொள்வது? சொல்லும்போதே புரியவில்லை.

கோடையில் சொல்தா வந்துவிட்டார். அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. சாருக்கு ஏழரைச் சனி நடப்பதாக யாரோ சொல்லி, அவர் அபூர்வமாக அன்று பிடிவாதம் பிடித்து அக்காவைத் திருநள்ளாற்றுக்கு அழைத்துப்போயிருந்தார். நளன் குளத்தில் இரண்டு பேரும் நல்லெண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு வந்தார்கள். அக்கா எனக்குப் பிரசாதம் கொடுக்கக் கூப்பிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் தலை படிந்து, முகம் மினுமினுவென்று இருந்தது. நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் சொல்தாவும் ஆசாரியும் உள்ளே வந்தார்கள். நல்ல மனிதர் அவர். இவ்வளவு நாள் இழுத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். உத்திரம் தயார், நாளைக் காலையில் மாற்றிவிட்டு இந்தச் சனியன் பிடித்த பைப்பையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவோம் என்றார். அக்கா குருவி என்றாள். ஆசாரி ஸ்டூல் போட்டு ஏறி, காய்ந்துபோன பழைய கூட்டை எடுத்துக் காட்டினார். மாதம் சரியில்லை என்றாள். வைகாசியை விட எந்த மாதம் நல்லது என்று சொல்தா சிரித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

“என்னம்மா டீச்சர், ஒங்களுக்கு என்னா சிரமம்? மனசுல உள்ளத சொல்லுங்க. பைப்பு எதுக்கு வேணுங்குறீங்க?”

அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எத்தனை பேருக்கு எத்தனை காரணம் சொன்னவள். ஒன்றுகூட அப்போது அவளிடம் மிச்சமில்லை.

“நான் அதுல ஏறி ஆடுவேங்க,” என்றாள்.

ஆசாரி சிரித்தார், சொல்தா வாய்விட்டுச் சிரித்தார். பால்வாடி டீச்சர் பேச்சே தனி என்றார். அக்கா சிரிக்கவில்லை. புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு போய் இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்துத் தாவினாள். உடம்பெல்லாம் நல்லெண்ணெய். பைப்பு அவளை ஒரு நொடிகூட வைத்துக்கொள்ளவில்லை. வழுக்கிக்கொண்டு வந்து கருங்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. நிஜமாகவே அவள் விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்தார்கள். இல்லைங்க, அக்கா நிஜத்தைத்தான் சொல்றாங்க என்று நான் சொன்னேன். அதற்கும் சிரிப்புத்தான். கால் நீட்டி உட்கார்ந்தபடி அக்கா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பைப்பைப் பற்றி அவள் ஊருக்குச் சொன்ன ஒரே நேரான பதில் அதுதான், அதைத்தான் யாரும் நம்பவில்லை.

கொல்லையில் ஈரவேட்டியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த சார் உள்ளே வந்தார். கீழே உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார்.

“உத்திரத்த மாத்துங்க. பைப்பு இருக்கட்டும்,” என்றார்.

“புது உத்திரம் வந்தப்பறம் அது எதுக்கு சார்?” என்று கேட்டார் சொல்தா.

“எனக்குத் தெரியாதுங்க. இருக்கட்டும்.”

பிறகு இரண்டு தடவை செருமினார். சளிச் செருமல் இல்லை அது. சைக்கிளை நிறுத்திவிட்டுச் சந்தில் நின்று செருமுவாரே, அதே செருமல். எனக்கு அப்போதுதான் ஏதோ பிடிபட்டது போலிருந்தது. இவருக்கு எவ்வளவு நாளாகத் தெரியும்? தெரிந்துதான் உப்புத்தாள் வாங்கினாரா? தெரிந்தவர் ஏன் ஆசாரியை விரட்டி விரட்டிக் கூப்பிட்டார்? கூரை அவள் தலையில் விழுந்துவிடும் என்றா? யோசிக்க யோசிக்கக் கையில் பிடித்ததும் நழுவிவிட்டது.

புது உத்திரம் வந்தது. தாங்குவதற்கு எதுவுமில்லாத தூணுக்கு ஆப்பு அடிப்பது என் தொழிலில் இதுதான் முதல் என்று ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பைப்பை அசையாமல் இறுக்கிக் கொடுத்தார்.

உடம்பிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போன பிறகு, ஒரு மத்தியானம் அக்கா தலைகீழானாள். ஒரு கையை எடுத்தாள். மேலே காரை உதிரவில்லை. மறு கையையும் எடுத்தாள். நான் அவள் தலைக்குக் கீழே என் கைகளை நீட்டி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை, மெல்ல இறக்கிக்கொண்டேன். கைகள் இரண்டும் காற்றில் விரிந்து கிடக்க, அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அடுக்களை வாசல், காலண்டர், பானை, நான். புதுவீட்டுக்கு வந்தவள் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்தாள். இரண்டு பேரும் மெத்தையில் உட்கார்ந்து பொரி தின்றோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சாருக்கு ஏனாமுக்கு மாற்றல் வந்தது. எங்கள் பாண்டிச்சேரி அரசாங்கத்தில் மாற்றல் என்றால் தெலுங்கு பேசுகிற ஊருக்கோ மலையாளம் பேசுகிற ஊருக்கோ அனுப்பிவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் சார் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஊரே கேட்டுச்சு. நீ ஒருத்திதான் ஏன்னு கேக்கவே இல்ல,” என்றாள்.

இப்போது கேட்கட்டுமா என்றேன்.

“கேளு. ஏதாவது ஒன்னு சொல்றேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கேட்கவில்லை. பஸ் போய்விட்டது.

அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் மின்சார ஆபீஸ்காரர்கள். அந்த அம்மாள் முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, கூடத்தின் நடுவில் இது என்ன இடைஞ்சல், பிடுங்கிவிடலாமா என்று கேட்டாள். பைப்பில் ஒரு ஆள் உயரத்துக்கு மேலே, துடைக்க எட்டாத இடத்தில், ஒரு வெள்ளைக் கைத்தடம் அப்படியே இருந்தது.

“அய்யய்யோ, அதுல மட்டும் கை வச்சிடாதீங்க. இந்த வீடே அதுலதான் நிக்கிது,” என்றேன்.

அவள் பயந்துபோய் நாலடி தள்ளி நின்றாள். திருப்தியாகத்தான் தலையாட்டினாள்.